ரோடு ஏறிப்போன வீட்டில் எங்கள் ஹெரால்டு

1

நேற்று எங்கள் கிளப்பின் மாதக் கூட்டம். பழைய கார் வைத்திருக்கிறவர்களின் கிளப். அடிலெய்டு நகரத்தின் ஓரத்தில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து மாதம் ஒருமுறை கூடுவோம். உறுப்பினர்கள் முப்பத்தைந்து பேர். அதில் எழுபது வயதைத் தாண்டாதவர்கள் என்னையும் சேர்த்து நாலைந்து பேர்தான். பிளாஸ்கில் டீயும் டப்பாவில் கேக்கும் அவரவர் வீட்டிலிருந்தே வந்துவிடும். யாருடைய கார்புரேட்டர் எங்கே அடைத்துக்கொண்டது, யாருக்கு எந்தச் சந்தையில் பழைய ஹெட்லைட் கண்ணாடி கிடைத்தது என்று இரண்டு மணி நேரம் ஓடும். முடிவில் ஒருவர் திரையில் படம் போட்டுக் கதை சொல்ல வேண்டும். நேற்று என் முறை.

சேலம் சூரமங்கலத்தில் இருக்கும் எங்கள் ஹெரால்டு காரை இந்த ஜனவரியில் கிரேன் வைத்துத் தூக்கிய படத்தைப் போட்டேன். பிஸ்தா பச்சை நிறக் கார் இரண்டு பெல்ட்டுகளில் தொங்கிக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது. தெருவே அண்ணாந்து பார்க்கிறது. மண்டபத்தில் அப்படி ஒரு கைதட்டல். மார்கரெட் என்றொரு அம்மாள், எண்பது வயது, எதையும் கூர்ந்து பார்க்கிறவர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "கீழே கதவருகில் நிற்கிறாரே, அந்தப் பெண்மணி யார்?"

"என் தங்கை. காரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள்" என்றேன்.

"கொடுத்து வைத்தவர் நீங்கள்" என்றார் மார்கரெட். தங்கைக்கும் ஒருதரம் கைதட்டினார்கள்.

வாயில் வந்த பதில் அது. யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் வீடு திரும்புகிற வழியெல்லாம் அதையே எனக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்தப் படத்தில் தங்கை ரெஜினா எங்கே போய்விட்டு வந்து நிற்கிறாள், ஏன் புதுச் சேலையில் நிற்கிறாள் என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக இங்கிருந்து ஊர்ப் பத்திரிகைகளுக்கு எதையாவது எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கங்காரு குறுக்கே வந்தது, ஆஸ்பத்திரியில் தமிழில் திட்டி மாட்டிக்கொண்டது என்று எழுதி நல்ல பெயரும் வாங்கியாயிற்று. இதையும் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

2

அப்பா சூரமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது தன் ஹெரால்டை அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனார். அப்பாவுக்கு அது அரண்மனை யானை மாதிரி. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வெளியே எடுப்பார். அந்தக் காரில் பானெட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். திறந்து வைத்துவிட்டு முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைத் துடைப்பார். கடைசியில் வீட்டை எனக்கும் ரெஜினாவுக்கும் சரிபாதியாக எழுதினார். காரை மட்டும் என் பெயருக்கு எழுதினார்.

அடிலெய்டுக்கு நான் எக்ஸ்ரே பிரிவு வேலைக்கு வந்தவன். முதல் பத்துப் பன்னிரண்டு வருஷம் இந்த ஊர்க்காரர்களுக்கு என்னிடம் பேச ஒரு விஷயமும் இருக்கவில்லை. வெயில் அதிகம் என்பார்கள், ஆமாம் என்பேன், அவ்வளவுதான். ஒருநாள் டீ குடிக்கிற அறையில் ஒருவர் தன் பழைய ஹெரால்டு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். "எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, நாலு கதவு" என்றேன். அறையே திரும்பிப் பார்த்தது. அவர்களுக்குத் தெரிந்த ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நாலு கதவு வைத்தது நம் நாட்டில்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கையோடு கிளப்புக்கு அழைத்துப் போய்விட்டார்கள். இங்கே ஓட்டுவதற்கென்று மைனர் என்கிற பழைய இங்கிலீஷ் கார் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. "நாலு கதவு எப்படி இருக்கிறது?" என்பதுதான் எனக்கு அவர்கள் சொல்லும் வணக்கம்.

இது ஒரு சுகமான சிறை. எங்கோ கடல் தாண்டி நிற்கிற ஒரு காரால்தான் இங்கே எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அந்தக் காரை விற்றுவிட்டால் நான் மறுபடியும் வெயில் அதிகம் என்றால் ஆமாம் போடுகிற ஆள் ஆகிவிடுவேன். இந்தப் பயத்தை ஸ்டெல்லாவிடம்கூடச் சொன்னதில்லை. ஸ்டெல்லா என் மனைவி. சொல்லாமலே அவளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம். மகன் டேனி மின்சாரக் கார் வைத்திருக்கிறான். பழைய கார்கள் வரிசையாகப் போகிற ராலிக்குக் கூப்பிட்டால் "மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் என்னால உட்கார்ந்து வர முடியாதுப்பா" என்பான், அதுவும் ஆங்கிலத்தில்.

சேலத்திலும் ஒரு பழைய கார் கிளப் இருக்கிறது. நாமக்கல் ரோட்டில் போர்வெல் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் சம்பத் அதன் செயலாளர். ஜனவரியில் மேட்டூர் வரைக்கும் ராலி போவார்கள். ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் அந்த ராலிக்குத் தவறாமல் ஊருக்குப் போய்விடுவேன். தவறாமல் என்றால் தவறாமல்தான். ரெஜினாவின் வீட்டுக்காரர் தாமஸ், ரயில்வேயில் இருந்தவர், ஒரு டிசம்பர் தொடக்கத்தில் திடீரென்று தவறிப்போனார். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். இன்னும் ஏழு வாரத்தில் எப்படியும் ராலிக்கு வரப்போகிறேனே என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. மச்சான் துக்கத்துக்குப் போகாதவன், ராலிக்குப் போய் நின்றேன். ரெஜினா ராலிக்கான டீசர்ட்டை இஸ்திரி போட்டுக் கட்டில் மேல் வைத்திருந்தாள்.

அந்தத் தடவைதான் அவள் முதன்முதலாகக் கேட்டாள்.

"ஊட்ட வித்துரலாம் ண்ணா. தனியா இத்தப் பெரிய ஊட்டக் கட்டிக்கிட்டு நான் என்ன பண்றது? கோயமுத்தூர்ல மக இருக்கற தெருவுலயே ஒரு சின்ன ஃபிளாட்டு பாத்து வெச்சிருக்கேன். என் பங்கு வந்தா வாங்கிக்குவேன்."

"மக வீட்டுலயே இருக்கலாமே?"

"இருக்கலாம். ஆனா எனக்குன்னு ஒரு கதவு வேணும்."

"அதெல்லாம் சரி, காரை எங்கே நிறுத்தறது?" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அப்புறம் நான் இங்கிருந்து, எனக்குப் பதிலாக அவளே கையெழுத்துப் போடுவதற்கு ஒரு பவர் பத்திரம் எழுதி அனுப்பினேன். அதை ஊரில் கொடுத்து முத்திரை போட வேண்டிய கெடு முடிந்துபோய்த்தான் அது அவள் கையில் கிடைத்தது. புதுசாக எழுதி அனுப்பு என்றாள். அனுப்புகிறேன் என்றேன். தூதரகத்தில் நேரம் வாங்கணும், சாட்சிக்கு ஆள் வேணும் என்று சாக்குச் சொல்லியே இரண்டு வருஷத்தை ஓட்டினேன்.

3

இந்த ஜனவரியில், ராலிக்கு ஐந்து நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை காலையில் போய் இறங்கினேன். ஆட்டோ எங்கள் தெருவில் நின்றது. வீட்டைக் காணோம்.

இல்லை, வீடு இருந்தது. ரோடுதான் ஏறிப்போயிருந்தது. சின்ன வயசில் தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் எங்கள் வீட்டுக்குள் போக வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, போன முறை நான் வந்தபோதே தெரு வீட்டைவிட ஓர் அடி உயர்ந்திருந்தது. பலகை போட்டுக் காரை ஏற்றினோம். அதற்கப்புறம் சிமெண்ட் ரோடு வந்திருக்கிறது, அதையொட்டி மழைநீர்க் கால்வாய் வந்திருக்கிறது. கால்வாயின் சுவர் எங்கள் கேட்டில் பாதியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஆள் இறங்க மட்டும் ஒரு ஓரத்தில் நாலு படி கட்டியிருந்தார்கள். மூன்றடி கீழே, போர்ட்டிகோவில், உறை போர்த்திக்கொண்டு ஹெரால்டு கிணற்றுக்குள் நிற்பது போல் நின்றது.

"ரெஜினா, வண்டி எப்படி வெளியே வரும்?"

"வராது" என்றாள். "மொதல்ல உள்ள வா. காப்பி ஆறுது."

"போன வருஷம் ராலிக்குப் போயிட்டு வந்துச்சுன்னு சொன்னியே? மாலை போட்டுப் படமெல்லாம் அனுப்பினியே!"

"மால போட்டேன். படம் எடுத்தேன். ராலி அன்னிக்குத்தான் எடுத்தேன்."

"வாரா வாரம் சனிக்கிழமை எஞ்சின் ஓடுற வீடியோ?"

"எஞ்சின் ஓடுச்சில்ல? நின்ன எடத்துலயே ஓடுச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் டம்ளரை நீட்டினாள். காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தேன். சுவர் முழுக்க முழங்கால் உயரத்துக்குக் கீழே சுண்ணாம்பு உதிர்ந்து, ஒரு பழுப்புக் கோடு வீட்டைச் சுற்றி ஓடியது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் மொத்தமும் இங்கேதான் இறங்குகிறதாம். கட்டில் கால்களுக்குக் கீழே மும்மூன்று செங்கல். அரிசி டின், தையல் மெஷின், மாதா சுரூபம் எல்லாமே மேஜை மேல் ஏறியிருந்தன.

அவள் அனுப்பிய வீடியோக்களில் கார் சக்கரங்களும் ஹாலோ பிளாக் கல் மேல் ஏறியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். டயர் கெடாமல் இருக்க இப்படிச் செய்திருக்கிறாள், பொறுப்பான பெண் என்று கிளப்பில் சொல்லிப் பெருமைகூடப் பட்டேன். தண்ணீர் வருகிறபோதெல்லாம் முதலில் காரைப் பார்த்திருக்கிறாள், அப்புறம்தான் கட்டிலை. அந்த வீடியோக்களில் நான் காரைத் தவிர எதையும் பார்த்ததில்லை, மாதாவே.

4

ஆனால் ரெஜினா சும்மா இருக்கவில்லை. வீட்டுக்கு ஆள் பிடித்து வைத்திருந்தாள். கெங்கவல்லிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு பெரியவர். அவர் மகனுக்கு ஜங்ஷனில் ரயில்வே வேலை. பள்ளத்து வீட்டைப் பார்த்தும் அவர் பின்வாங்கவில்லை. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிக்கொள்கிறேன், இப்போதெல்லாம் அது சாதாரணம் என்று சொல்லிவிட்டார். தை பிறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதிவு அலுவலகத்தில் டோக்கன் போட்டாயிற்று. பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்கிறது, அதற்குள் கையெழுத்து முடிந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவர் வைத்த ஒரே நிபந்தனை. நான் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். ரெஜினாவுக்குக் கோயமுத்தூரில் ஒரு கதவு கிடைத்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு நான் செய்த முதல் காரியம், சம்பத்துக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் காரை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டது.

சம்பத் வந்து எட்டிப் பார்த்தார். "சார், கிரேன் தவிர வேற வழியே இல்லீங்க" என்றார். கவிழ்ந்த லாரிகளைத் தூக்குகிற பழனிச்சாமி என்பவரை நாமக்கல்லிலிருந்து புதன்கிழமை அழைத்து வந்தார். பழனிச்சாமி காரைப் பார்க்கவில்லை. வந்ததும் மேலே பார்த்தார்.

"ஏனுங்க சார், கரண்டுக் கம்பி குறுக்க போகுதுங்களே. நான் கிரேனோட பூம தூக்குனா நானும் போயிருவேன், உங்க வண்டியும் போயிருமுங்க."

மின்வாரியத்தில் விசாரித்தோம். ஒரு காருக்காகத் தெருவின் கரண்டை நிறுத்த மாட்டார்கள், நியாயம்தான். ஆனால் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அந்த வாரமே வருகிறது, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் இரண்டு வரை. பழனிச்சாமிக்கும் காலையில் மட்டும்தான் ஒழியும், பத்தரை பதினொன்றுக்கு மேல் வேறு ஊர் போக வேண்டும்.

என் மூளை உடனே கணக்குப் போட்டது. ஒன்பதுக்குக் கிரேன். ஒன்பதரைக்குக் கார் ரோட்டில். பதிவு அலுவலகம் ஆட்டோவில் பத்தே நிமிஷம். பத்துக்குக் கையெழுத்து.

"வெள்ளிக்கிழம அது வேண்டாம் ண்ணா" என்றாள் ரெஜினா. "மொதல்ல கையெழுத்து ஆயிரட்டும்."

"ரெண்டும் ஆகும்."

"ஆகலைன்னா?"

"ஆகும்கறேன்ல!" என்று கத்தினேன். அறுபத்து மூன்று வயசுக்காரன், தங்கையிடம் கத்தினேன். ராலியில் காருக்கு ஒட்டுகிற ஸ்டிக்கர் நம்பர் வந்துவிட்டது, அடிலெய்டில் முப்பத்தைந்து பேர் படத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாத இடத்தில் நானே போய் உட்கார்ந்திருந்தேன்.

5

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்குக் கரண்டு போனது. ரெஜினா குளித்து, புதுச் சேலை கட்டி, பத்திரங்களை ஒரு மஞ்சள் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கிரேன் வரவில்லை.

"நீ முன்னாடி போ. அவங்க வந்து காத்திருக்கக் கூடாது. நான் பின்னாடியே வாரேன்" என்றேன்.

"வந்துரு ண்ணா" என்று சொல்லிவிட்டு நாலு படி ஏறி ஆட்டோ பிடித்துப் போனாள்.

வழியில் பஞ்சர் என்று சொல்லிக் கிரேன் ஒன்பதே முக்காலுக்கு வந்தது. அந்த நிமிஷமே நான் கிளம்பியிருக்கலாம். பழனிச்சாமியே சொன்னார்: "நீங்க போயிட்டு வாங்க சார், நாங்க பாத்துக்கறமுங்க. தெனமும் லோடு லாரிய தூக்கறவன், இந்தத் தீப்பெட்டிய தூக்க மாட்டனுங்களா?" சம்பத்தும் அங்கேதான் இருந்தார். ஆனால் பெல்ட்டை எந்த இடத்தில் மாட்டுகிறார்கள் என்று என் கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு. தவறான இடத்தில் மாட்டினால் கதவுகள் கோணிவிடும். நாலு கதவு ஆயிற்றே.

பத்து மணி ஐந்து நிமிஷத்துக்கு ரெஜினா கூப்பிட்டாள். "அஞ்சே நிமிஷம்" என்றேன். பத்தே காலுக்குக் கூப்பிட்டாள். "கிளம்பிட்டேன்" என்றேன். பொய். நான் கேட்டருகே குந்தியிருந்து காருக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தே இருபதுக்கு மேல் கார் முதல்தரம் கல்லிலிருந்து ஒரு சாண் எழும்பியது. தெருக்காரர்கள் ஓ என்று கத்தினார்கள். நான் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் அவள் பெயர் வந்தது. படம் நின்றுவிடுமே என்று விரலால் தள்ளி அந்த அழைப்பை வெட்டினேன்.

இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை சுற்றி வந்தேன். அவள் கூப்பிட்டாள், நான் வெட்டினேன்.

கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மறுபடி இறக்கி, பெல்ட்டைத் தள்ளி மாட்டினார்கள். இரண்டாம் தரம் நேராக எழும்பியபோது பதினொன்றாகப் போகிறது. அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது. ரெஜினா இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. மேலே தொங்குகிற காரையும் பார்க்கவில்லை. ஓரத்துப் படிகளில் இறங்கி, வீட்டு வாசலுக்குப் போய், பையை அணைத்தபடியே திரும்பி நின்றாள். சம்பத் அந்த நேரத்தில்தான் படம் எடுத்திருக்கிறார்.

மத்தியானம் கெங்கவல்லிப் பெரியவர் போனில் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். மொத எடுப்புலயே தட்டிப்போச்சு. எங்க வூட்டுப் பொம்பளைங்க இனிமே ஒத்துக்க மாட்டாங்க. நாங்க வேற எடம் பாத்துக்கறோம்."

எனக்கு ஆத்திரம் வந்தது. இந்தக் காலத்திலும் ராகு காலமா, படித்த பையன் இருக்கிற வீட்டில் இப்படியா என்று குதித்தேன்.

"அவங்க நேரம் அவங்களுக்கு" என்றாள் ரெஜினா. "பத்து மணிக்கு வாரோம்னு சொன்னது நாமதான?"

6

ராலி பிரமாதமாக நடந்தது. சும்மா சொல்லக் கூடாது, சேலத்துக்காரர்கள் மாதிரி ராலி நடத்த ஆளில்லை. மைதானத்தில் வாழையிலை போட்டுப் பொங்கலும் வடையும். எல்லா வண்டிக்கும் பொட்டு, மாலை, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். இருபத்திரண்டு கார்கள் வரிசையாக ஓமலூர், மேச்சேரி வழியாகப் போனோம். வழியெல்லாம் பைக்குக்காரர்கள் ஒரு கையால் வண்டி ஓட்டிக்கொண்டு இன்னொரு கையால் செல்ஃபி எடுத்தார்கள். மேட்டூரில் அணைப் பூங்காவுக்கு வெளியே நிறுத்தி, பொரித்த மீன் சாப்பிட்டோம். ஹெரால்டு ஒரு இருமல்கூட இருமவில்லை.

எப்போதும் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிற ரெஜினா இந்தத் தடவை வரவில்லை. முட்டி வலி என்றாள். டீசர்ட் மட்டும் இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

சிறப்பாகப் பராமரிக்கப்பட்ட வண்டிக்கான கேடயம் எங்கள் ஹெரால்டுக்குக் கிடைத்தது. மைக்கைக் கொடுத்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அப்பாவைப் பற்றிப் பேசினேன். அடிலெய்டு கிளப்பைப் பற்றிப் பேசினேன். பழனிச்சாமிக்குக்கூட நன்றி சொன்னேன். பராமரித்தவள் பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா? நிஜமாகவே மறந்துவிட்டேன். அதுதான் இன்னும் கேவலம்.

திரும்பி வரும்போது சம்பத் கேட்டார். "வண்டிய இனி அந்தப் பள்ளத்துல எறக்காதீங்க சார். நம்ம ரிக்கு ஷெட்டுல நிறுத்திக்கலாமுங்க. எத்தன வருஷம் வேணாலும் நிக்கட்டும். மேடான எடம், ஒரு சொட்டு தண்ணி ஏறாது."

இரண்டு வருஷமாக, காரை எங்கே நிறுத்தறது என்று கேட்டே அவளுக்குக் கையெழுத்துப் போடாமல் இழுத்தேன். அந்தக் கேள்விக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பதில் கிடைத்துவிட்டது. இதை முன்னாலேயே கேட்டிருக்கலாம். நான் யாரிடமும் கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் ரெஜினா இட்லி எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ண்ணா, இன்னும் ஒரு பத்து நாளு இரேன். வேற ஆளு பாக்கலாம். இல்லாட்டி ஒரு பவராவது எழுதிக் குடுத்துட்டுப் போ. புதன்கிழம டோக்கன் இருக்குதாம், பத்திரம் எழுதறவரு சொன்னாரு."

எனக்குத் திங்கட்கிழமை விமானம். பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிளப்பின் நெடும்பயணம், வழி வரைந்து கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. எந்த முக்கில் திரும்ப வேண்டும் என்று முப்பத்தைந்து பேருக்கும் படம் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைச் சொன்னேன்.

"நீ இல்லாட்டி அவங்களுக்கு வழி தெரியாதா?" என்றாள்.

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஒரு வருஷம் ஆகிவிட்டது எனக்கு. லீவு என்கிற சாக்குகூட இல்லை. டிக்கெட்டை மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை. திங்கட்கிழமை அவள் படியேறி வந்து, ரோட்டில் நின்று, ஆட்டோ திரும்புகிற வரைக்கும் கையாட்டினாள்.

7

அடிலெய்டுக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. சனிக்கிழமைகளில் ரெஜினாவிடமிருந்து ஒன்றும் வருவதில்லை. போர்ட்டிகோவில் கார் இல்லை, எஞ்சின் இல்லை, அதனால் வீடியோ இல்லை. அந்த ஒரு நிமிஷ வீடியோவுக்குப் பின்னால்தான் நாங்கள் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நானாக அவளைக் கூப்பிட்டது எப்போது என்று போனில் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். விரல் வலிக்கிற வரைக்கும் தேடினேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. அங்கே கோடை மழை. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் டேனி கேட்டான்: "சேலத்துல செம மழையாம்ப்பா. அத்தை எங்க படுக்கறாங்க?" தமிழே மறந்துவிட்டான் என்று நான் குறைப்பட்டுக்கொள்கிற பையன், தமிழில் கேட்டான்.

நேற்றுக் கூட்டத்துக்கு ஸ்டெல்லாவும் வந்திருந்தாள். வீடு வந்து சேர்ந்தோம். சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: "கார அவதான் பாத்துக்கறான்னு சொன்னீங்களே. கார்தான் சம்பத் ஷெட்டுல சொகமா நிக்குதே. அவ இப்ப அந்தப் பள்ளத்துல எதப் பாத்துக்கறா?"

உனக்கென்ன தெரியும் என்று எகிறத்தான் வாயைத் திறந்தேன். ஷூவைக் கழற்றக் குனிந்துவிட்டேன்.

இன்று காலையில் முதல் வேலையாக டிக்கெட் போட்டேன். அடுத்த மாதம் போகிறேன். திரும்புகிற தேதியை வைக்கவில்லை. ஆள் கிடைக்கிற வரை இருப்பது, கிடைக்காவிட்டால் பவர் எழுதிக் கொடுப்பது, அதுவரை அவளைக் கோயமுத்தூரில் வாடகைக்கு ஒரு வீட்டில் கொண்டுபோய் வைப்பது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ரெஜினாவைக் கூப்பிட்டேன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால், வீட்டுக்குப் பக்கத்து ஜங்ஷனின் ரயில் அறிவிப்பு கேட்டது.

"ரெஜினா, அடுத்த மாசம் வாரேன்" என்றேன்.

குத்திக்காட்டுகிற பழக்கம் சின்ன வயசிலிருந்தே அவளுக்குக் கிடையாது. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்:

"ஏன் ண்ணா, ராலிய முன்னாடியே வெச்சுட்டாங்களா?"